கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பவர்

மாட்டுங்காவில் எங்கள் ஹவுசிங் சொசைட்டி, கார் இல்லாத என்னிடமும் பார்க்கிங் ஷெட் போட்ட செலவைக் கேட்டது. கொதித்துப்போய் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸுக்குக் கிளம்பினேன். வாசலில் லேப்டாப்பும் பிரிண்டருமாக, மனு எழுதித் தரும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான உடம்பு, காதோரம் நரை, தாராவியில் குடியிருந்தும் மாறாத திருநெல்வேலிப் பேச்சு. எந்தக் காகிதக் கட்டைக் கொடுத்தாலும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார்.

நான் சட்டம் பேசிக்கொண்டே போனேன். அவர் நான் கொடுத்த கட்டில் ஜெனரல் பாடி மீட்டிங் மினிட்ஸின் கடைசி வரியில் விரலை வைத்தார்.

“இந்த ஷெட் தீர்மானத்தை வழிமொழிஞ்சது யாரு, ஸார்?”

என் பெயர்தான். யாராவது வழிமொழிந்தால் உடனே வடை கொடுத்துவிடலாம் என்று அன்று எங்கள் செக்ரெட்டரி சொன்னார். என்ன தீர்மானம் என்று கேட்காமல் கையைத் தூக்கியிருந்தேன்.

“வேற வழியே இல்லையா?”

“இருக்கு. ஆட்சேபம்னு எழுதிக் குடுத்துட்டுப் பணத்தைக் கட்டுங்க. அடுத்த மீட்டிங்ல எதிர்த்துப் பேசுங்க. கேக்காட்டா ரிஜிஸ்ட்ரார், அப்புறம் கோர்ட்டு. ஆனா எங்க போனாலும் மொதல்ல இந்தப் பக்கத்தைத்தான் காட்டுவாக.”

மனு எழுதவில்லை என்று காசும் வாங்கவில்லை. எனக்கு மரியாதை பொங்கியது.

“உங்க பில்டிங் மீட்டிங்ல எல்லாத்தையும் படிச்சுட்டுத்தான் கை தூக்குவேளா?”

“நான் அங்க செக்ரெட்டரி, ஸார். வடை வாங்குததே நான்தான்.”

சொல்லிவிட்டு அடுத்தவரின் கட்டைக் கவிழ்த்துப் போட்டுப் படிக்க ஆரம்பித்தார். அவரை மெச்சுவதா, அவர் பில்டிங்காரர்களுக்காகப் பரிதாபப்படுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.