பொந்தெங் பாதை

மூன்று வருடங்களுக்கு முன், எஸ்.பி.எம். என்னும் பள்ளியிறுதித் தேர்வின் முதல் நாள் காலை, மாசாயில் நடந்தது இது. எனக்குப் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. சனிக்கிழமைகளில், படிப்பைப் பாதியில் விட்ட பெண்பிள்ளைகளுக்கு ஒரு கடைவீட்டு மாடியில் பாடம் சொல்லிக் கொடுப்பேன். அந்த வருடம் மூன்று பேர் தனியாகப் பெயர் பதிந்து தேர்வு எழுதத் தயாராக இருந்தார்கள்.

மூவரில் ஒருத்தி பெரிய வாயாடி. படிவம் நான்கிலேயே பள்ளிக்கு முழுக்குப் போட்டவள். மட்டம் போடுவதை எங்கள் ஊரில் பொந்தெங் என்போம். அதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வகுப்புக்குக் கொஞ்சம் பிந்தி வந்தாலும், "வாங்க, பொந்தெங் ராணி!" என்று எல்லார் முன்னாலும் வரவேற்பேன். அவளும் சிரிப்பாள். சிரிக்கிறாளே, அப்புறம் என்ன என்று இருந்துவிட்டேன்.

தேர்வுச் சீட்டுகளைத் தொலைத்துவிடுவார்கள் என்று நானே வாங்கி என் கோப்பில் பத்திரப்படுத்தியிருந்தேன். அன்று மூவரையும் என் காரிலேயே ஏற்றிக்கொண்டு, ஏழரை மணிக்கெல்லாம் பள்ளி வாசலில் போய் ஜம்மென்று நிறுத்தினேன். வாசலில் காவலுக்கு நின்ற ஜாகா சீட்டை வாங்கிப் பார்த்தார். பெயர் ஒன்றுதான், ஆனால் இது ஒன்றாம் எண் பள்ளி, நீங்கள் போக வேண்டியது இரண்டாம் எண் பள்ளி என்று மலாயில் பொறுமையாகச் சொன்னார்.

சீட்டை வாங்கி மறுபடி பார்த்தேன்; அவர் சொன்னது சரிதான். அலுவலகத்தில் அடுத்தவர் பிழையைச் சிவப்பு மையால் சுழிப்பதே என் பிழைப்பு. ஓர் எண்ணை ஒழுங்காகப் படிக்கவில்லை!

சாலையில் இரவு வேலை முடிந்தவர்களை ஏற்றி வந்த தொழிற்சாலை பஸ்களும் மோட்டார் சைக்கிள்களும் அடைத்துக்கொண்டு நின்றன. கார் நகரவே இல்லை. தேர்வு எட்டு மணிக்கு. அரை மணிக்கு மேல் தாமதித்தால் மண்டபத்துக்குள் விடமாட்டார்கள்; பிள்ளைகளின் ஒரு வருட உழைப்பு வீணாகிவிடும். பின்சீட்டில் ஒருத்தி அழ ஆரம்பித்துவிட்டாள்.

அப்போதுதான் வாயாடி வாய் திறந்தாள். "டீச்சர், நான் ஓடிப்போன ஸ்கூலே அதுதான். அந்த பிளாட்டுக்குப் பின்னால காடிய போடுங்க. நடந்தா பத்து நிமிசம்தான் லா."

உடனே காரைப் பக்கத்துச் சந்தில் திருப்பினேன். அடுக்குமாடிக்குப் பின்னால் ஒரு பெரிய லோங்காங், சாக்கடைதான். அதன் மேல் போட்டிருந்த ஒற்றைப் பலகையை மூன்று பேரும் சிட்டாகத் தாண்டினார்கள். என் செருப்பில் ஒன்று தண்ணீரோடு போனது. லாலான் புல்லுக்குள் புகுந்து ஓடி, பள்ளியின் பின்வேலிக்கு வந்தோம்.

"இங்கதான் ஓட்டை இருந்துச்சி..." என்றவளின் முகம் வாடியது. வேலிக்குப் புதுக் கம்பி போட்டு அடைத்திருந்தார்கள்.

உள்ளே இலை கூட்டிக்கொண்டிருந்த தோட்டக்காரர் நிமிர்ந்தார். தமிழர்தான். அவளையே உற்றுப் பார்த்தார். நான் மூச்சு வாங்க விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் இடுப்பிலிருந்த சாவியை எடுத்துப் பக்கத்திலிருந்த சின்ன கேட்டைத் திறந்துவிட்டார்.

"வெளிய ஓடறப்ப எத்தன தடவ தொரத்திருக்கேன் ஒன்ன! இப்ப உள்ள வர்றதுக்கா இப்படி ஓடியார? போ புள்ள, போ!"

கோப்பிலிருந்த சீட்டுகளைக் கையில் கொடுத்ததும் பிள்ளைகள் பறந்தார்கள். மண்டபக் கதவு வரை போனவள் திரும்பி, கையை ஆட்டிக் கத்தினாள். "டீச்சர்! இனிமே வெறும் ராணி போதும்!"

சுருக்கென்றது. ஆனாலும் சிரித்துவிட்டேன். ஒற்றைச் செருப்போடு நின்று நானும் தோட்டக்காரரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். தன் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து எனக்குப் பாதி கொடுத்தார். அவ்வளவு ருசியாக நான் சாப்பிட்டதே இல்லை.

மூவரும் தேறினார்கள். ராணி இப்போது சனிக்கிழமைகளில் என்னோடு சேர்ந்து பாடம் நடத்துகிறாள், அதுவும் எனக்கு முன்னால் வந்து கதவைத் திறந்து வைத்துவிட்டு. இப்போதெல்லாம் தேர்வுச் சீட்டை அவரவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன்; அந்தப் பிள்ளைகளை நம்பாமல் நான் பத்திரப்படுத்திய காகிதம்தானே அன்று எங்களை அலையவிட்டது, நான் கேலி செய்த பாதைதானே கொண்டுபோய்ச் சேர்த்தது.