தொட்டிலுக்கடியில் கரிச்சட்டி

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிள்ளை சாகாத வீடு குறைவு. வெந்நீர் அண்டாவில் விழுந்தது ஒன்று, தண்ணீர் என்று மண்ணெண்ணெயைக் குடித்தது ஒன்று. கொழுந்து பறிக்கப் போயே ஆகவேண்டிய தாய் அடுப்பை அணைக்காமல் போனாளாம், போத்தலை மேலே வைக்காமல் போனாளாம். பிள்ளை எப்படிப் போனாலும் பழி பெற்றவளுக்குத்தான். என் அம்மாவும் அப்படிப் பழி சுமந்த ஒருத்தி.

தங்கச்சி பிறந்தபோது, பிள்ளைப்பேறு பார்க்க அப்பாவின் அக்கா மலையடிவாரத்துத் தாப்பாவிலிருந்து மேலே வந்தாள். அங்கே ரப்பர் தோட்டத்திலும் குளிப்பாட்டிய பிள்ளைக்குச் சாம்பிராணி போடுவார்கள். வெக்கைக்குக் கதவு, சன்னல் எல்லாம் திறந்தே கிடக்கும். எங்கள் மலைக்குளிர் அத்தைக்குப் புதிது.

அன்று அம்மா படுத்தபடி பால் கொடுத்து, பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, துணி துவைக்கக் குழாயடிக்குப் போனாள். அத்தை சாம்பிராணி போட்ட கரிச்சட்டியை வெளியே எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கரி போட்டுத் தொட்டிலுக்கடியில் தள்ளினாள். பலகைச் சுவரின் இடுக்குகளில் துணி திணித்தாள். சன்னலைச் சாத்திக் கதவடியில் சாக்கை வைத்து அடைத்தாள்.

"பச்சப் புள்ளைக்குக் காத்து படக்கூடாது" என்றாள்.

அந்த அறையில் நானும் படுத்திருந்தேன். தலை பயங்கரமாக வலித்தது. எழுந்து வெளியே ஓடி வாந்தி எடுத்தேன். குளிர் உள்ளே போகிறது என்று அத்தை என்னைத் திட்டி, கதவைத் திரும்ப அடைத்துவிட்டுச் சமைக்கப் போனாள். நான் வாசலிலேயே சுருண்டு கிடந்தேன்.

அம்மா வந்து தூக்கியபோது பிள்ளை அசையவில்லை. கன்னமும் உதடும் சிவந்து, அவ்வளவு அழகாக இருந்தது. கண் பட்டுவிட்டது என்றார்கள் பார்க்க வந்த பெண்கள். அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டே, "படுத்துக்கிட்டே பால் குடுத்தா. அசந்து அமுக்கிட்டா போல" என்றாள். அவ்வளவுதான். லயம் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது.

அதன்பிறகு அம்மாவுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அவள் கையில் யாரும் பிள்ளை கொடுக்கவுமில்லை. விசேஷங்களுக்குக் கூப்பிடுவார்கள், பாத்திரம் கழுவ. ஆசையாகக் கை நீட்டினால், "இருங்கக்கா, பால் குடிக்கிற நேரம்" என்று பிள்ளையை உள்ளே கொண்டுபோய்விடுவார்கள். நாக்கில் நரம்பில்லாத சனங்கள்.

எனக்குக் குழந்தை பிறந்தபோது, தானா ராத்தா ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் சொன்னாள்: "ரூம மூடிட்டு உள்ள கரி வைக்காதீங்கலா. அந்தப் புகையில வாசமே தெரியாது, ஆளைக் கொன்னுடும். செத்தவங்க முகம் செவந்து போயிருக்கும்." வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"வெளிய சொல்லாத. உங்கப்பாவுக்கு இருக்கிறது ஒரே அக்கா" என்றாள். அப்பா இருந்தவரை வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அப்பா போய்விட்டார். போன மாதம் ரிங்லெட்டில் அத்தையின் பேத்தி பெற்ற பிள்ளைக்குப் பெயர் வைத்தார்கள். பிள்ளை மடி மாறி மாறி வந்தது. அம்மா முந்தானையைச் சரிசெய்து மடியை ஒதுக்கி உட்கார்ந்தாள். பிள்ளை அவளைத் தாண்டிப் பக்கத்து மடிக்குப் போனது.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"அத்தை, தங்கச்சிய எங்கம்மா அமுக்கல. நீங்க அடைச்சு வச்ச ரூமுல, நீங்க வச்ச கரிப்புகையிலதான் செத்துச்சு. பழிய பெத்தவ தலையில போட்டீங்க" என்றேன். நர்ஸ் சொன்னதையும் சொன்னேன்.

அதற்கு அத்தை, "அப்ப யாருக்குடி தெரியும் அதெல்லாம்? நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்றாள்.

"ஆமாலா, அந்தக் காலத்துல யாருக்குத் தெரியும், பாவம்" என்றார்கள் சுற்றி இருந்தவர்கள். ஒருத்தி அவள் முதுகைத் தடவினாள். இன்னொருத்தி மைலோ கலக்கிக் கொண்டுவந்தாள். என் அம்மாவுக்கு ஆயுசுக்கும் கிடைக்காத மன்னிப்பு அத்தைக்கு ஒரு பேச்சில் கிடைத்துவிட்டது. அம்மா பக்கம் ஒருத்தரும் திரும்பவில்லை.

பிள்ளையைப் பெற்ற பேத்தி மட்டும் எழுந்து வந்தாள். பிள்ளையை அம்மாவிடம் நீட்டி, "நீங்க வச்சிக்குங்க பாட்டி" என்றாள்.

அம்மா இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம்மா. எனக்குக் கை நடுங்கும். வேற யாருகிட்டயாச்சும் குடு."

என் அம்மாவுக்குக் கை நடுங்காது. ஊசியில் நூல் கோக்க இன்றைக்கும் அவள் என்னைக் கூப்பிடுவதில்லை.