முதலில் சாயா, பிறகு ஜெபம்

சென்ற செவ்வாய்க்கிழமை மாலை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓர் ஆட்டோவில் பயணம் செய்தேன். அருகில் அமர்ந்திருந்த எங்கள் சபை மூப்பர் தேவதாசன் கண்களை இறுக மூடியிருந்தார். ஜெபிக்கிறாரா, பயப்படுகிறாரா? இரண்டும்தான் என்று பிறகு ஒப்புக்கொண்டார்.

நடந்ததை முறையாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அமரவிளைச் சபையில் அண்மையில் வேதாகம ஆலோசனை குறித்த வகுப்பு நடைபெற்றது. மனம் ஒடிந்தவருக்குத் திருமறையின் வழிநின்று துணைபுரிவது எப்படி என்பதே பாடம். வந்திருந்த போதகர் அதன் அடித்தளங்களை அழகுற எடுத்துரைத்தார். மனிதன் இறைவனின் சாயலில் படைக்கப்பட்டவன். ஆகவே எந்த நிலையிலும் மதிப்புக்குரியவன். மண்ணும் உயிர்மூச்சும் சேர்ந்தவன். ஆகவே உடலை ஒதுக்கிவிட்டு ஆத்துமாவிடம் மட்டும் பேச இயலாது. பாவம் உண்டு, மன்னிப்பும் உண்டு. உண்மையான ஆலோசகர் தூய ஆவியானவரே. நாம் கூட இருப்பவர்கள், அவ்வளவுதான்.

ஹார்டுவேர் கடை நடத்தி ஓய்ந்தவன் நான். இறையியல் கல்லூரியின் வாசற்படியை மிதித்ததில்லை. ஆயினும் அனைத்தும் விளங்கிவிட்டதாகவே நம்பினேன். நம்புவதில் என்ன சிரமம்... பரீட்சை வராதவரை?

பரீட்சை ஜெயசிங் உருவில் வந்தது.

ஜெயசிங் எங்கள் சந்திப்பில் ஆட்டோ ஓட்டுபவர். மழை நாளொன்றில், வளைவில் வண்டி வழுக்கிக் கவிழ்ந்தது. அவருக்கு வெறும் சிராய்ப்பு. பின்னால் அமர்ந்திருந்த சாராள் டீச்சருக்கோ கை முறிந்தது. அன்றுமுதல் ஆட்டோ தார்ப்பாயின் கீழ், ஜெயசிங் அறைக்குள். பேச்சில்லை, உறக்கமில்லை. ஒருநாள் வாயைத் திறந்தபோது, வண்டியை விற்கப்போவதாக மட்டும் சொன்னாராம். அவருடைய மனைவி ஸ்டெல்லா சபையிடம் வந்து நின்றார்.

தேவதாசனும் நானும் புறப்பட்டோம். வகுப்பில் படித்தவர்கள் அல்லவா!

எங்கள் பக்கத்தில் வீடு சந்திப்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. பாட்டு, வேதவாசிப்பு, விளக்கம், ஜெபம் — கடைசியில் சாயா என்னும் தேநீர். பால் பொங்கி அடுப்பே அணைந்தாலும், ஆமென் சொல்லாமல் சாயா வெளியே வராது. அந்த ஒழுங்கின்படி, பயத்தை நீக்கும் வசனங்களைத் தேவதாசன் ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தார். தலைவலிக்கு இது, வயிற்றுவலிக்கு அது என்று மருந்துக்கடையில் எடுத்துத் தருவதைப் போல! ஜெயசிங் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் ஆமென் சொன்னோம், சாயா குடித்தோம், திருப்தியுடன் திரும்பினோம்.

இரண்டாம் முறை போனதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை. தேவதாசன் தொண்டையைச் செருமிப் பாட்டைத் தொடங்கினார். ஸ்டெல்லா குறுக்கே வந்தார்.

"நிறுத்துங்க மாமா. நாளைக்கு வண்டிய வாங்க ஆளு வருது. இன்னைக்கு முதல்ல சாயா."

"ஜெபிக்காமலா மக்கா?"

"சாப்பாட்டுக்கு மட்டும் சுருக்கமா ஜெபியுங்க. கறி ஆறிப்போவும்."

சாயாவோடு அவித்த மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வந்தன. தேவதாசன் தம் வாழ்நாளின் மிகச் சிறிய ஜெபத்தை ஏறெடுத்தார். சுடச்சுடக் கிழங்கு வாய்க்குள் இருக்கையில் எவரால் பிரசங்கம் செய்ய இயலும்? ஜெயசிங்கின் கையும் மெல்லத் தட்டுக்கு நீண்டது. எனக்கு அந்நேரம் வசனம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. ஆகவே கேட்டேன்.

"ஜெயசிங்கே, உனக்கு எதுடே ரொம்பக் கஷ்டமாட்டு இருக்கு?"

"பயம் ஒண்ணும் இல்ல மாமா," என்றார். "டீச்சருக்க முகத்த எப்பிடிப் பாப்பேன்? வலது கையாக்கும் ஒடிஞ்சது. எனக்கு 'அ' எழுதிப் பழக்குன கையி..."

தேவதாசன் கிழங்கை அப்படியே விழுங்கினார். நாங்கள் கொடுத்தது பயத்துக்கு மருந்து. அவரிடம் இருந்ததோ குற்றவுணர்வு!

மரங்களுக்கிடையே ஒளிந்த ஆதாமைத் தேடிவந்த இறைவன் முதலில் என்ன செய்தார்? எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். தெரியாமலா கேட்டார்? சாக விரும்பிச் செடியடியில் படுத்துவிட்ட எலியா தீர்க்கதரிசிக்கு முதலில் கிடைத்தவை அப்பமும் தண்ணீரும் உறக்கமும். கேள்விகூடப் பிறகுதான். எல்லாம் அறிந்தவர் கேட்கிறார்... ஒன்றும் அறியாத நாம் பதிலோடு போகிறோம்!

"டீச்சர்கிட்ட மாப்பு கேக்கணும் மாமா," என்றார் ஜெயசிங்.

"இப்பமே போவோம்," என்றேன்.

டீச்சர் வீடு பெருங்கடவிளைச் சாலையில். தேவதாசனின் முழங்கால் அவ்வளவு தூரம் நடக்க இசையாது.

"வேற ஆட்டோ விளிக்கட்டா?" என்றார் ஜெயசிங்.

"முற்றத்துல ஒண்ணு கிடக்கும்போ வேற எதுக்கு?" என்றார் ஸ்டெல்லா.

"எனக்க வண்டியில இனி ஆரு ஏறுவா?"

தேவதாசன் எழுந்தார். கை கழுவினார். முற்றத்தில் இறங்கித் தார்ப்பாயை இழுத்துப் போட்டுவிட்டு, பின்னிருக்கையில் ஏறி அமர்ந்தார்.

"எலே, கிழங்கு செரிக்கதுக்கு முன்ன வண்டிய எடு!"

எடுத்தார். வழியில் ஒரு சைக்கிள் எங்களை முந்திச் சென்றது. அதற்கும் ஜெயசிங் ஒதுங்கி வழிவிட்டார்.

கட்டுப்போட்ட கையுடன் வாசலில் நின்றிருந்த சாராள் டீச்சர், வண்டியைக் கண்டதும் குரல் எழுப்பினார்.

"எலே ஜெயசிங்கே! இத்தன நாளு எங்கலே போயிருந்தே?"

ஏதேன் தோட்டத்துக் கேள்வி, சுத்தமான எங்கள் ஊர்ப் பேச்சில்!

"மாப்பு தரணும் டீச்சரே..." என்றார் ஜெயசிங்.

"அது அன்னைக்கே தந்தாச்சு. வாங்கதுக்கு நீதான் வரல்ல. ஞாயித்துக்கிழம என்னைச் சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போணும், கேட்டியா? மெதுவா ஓட்டினா போதும்."

மறுநாள் வண்டி வாங்க வந்தவருக்குச் சாயா மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார் ஸ்டெல்லா.

இறைவன் விண்ணிலிருந்து அறிவுரை அனுப்பியதோடு நிற்கவில்லை. மனிதராகி நம்மோடு வந்து தங்கினார் — இதுவே எங்கள் விசுவாசத்தின் ஆணிவேர். வகுப்பில் இதையும் கேட்டேன். ஆனால் விளங்கியது அந்தப் பின்னிருக்கையில்தான்.

ஒருவருக்கு ஆறுதல் சொல்லப் போகிறீர்களா? அவர் ஓட்டும் வண்டியில் ஏறி உட்காருங்கள். கண்களை மூடிக்கொள்ளலாம் — தடையில்லை!