துவைக்கிற கல்லில் கருடன்

கருடனைப் பார்த்தால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத ஆள் எங்கள் ஊரில் கிடையாது. நல்லம்பள்ளி பஸ்ஸைத் தவறவிட்டாலும் விடுவார்கள், கருடனை விடமாட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு புரட்டாசி சனிக்கிழமை காலையில், வெள்ளை மார்பும் செம்மண் நிற இறக்கையுமாக ஒரு கருடன் எங்கள் வாசலுக்கே வந்து, துணி துவைக்கிற கல்மேல் உட்கார்ந்துவிட்டது. பெருமாளுக்கு உகந்த கிழமை வேறு. கேட்க வேண்டுமா?

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. பெங்களூரில் கட்டட வேலை செய்துகொண்டிருந்த அப்பா, கிட்னி இரண்டும் கெட்டுப்போய் வீட்டோடு வந்துவிட்டிருந்தார். உடம்பில் நீர் கோத்துக்கொண்டு காலும் முகமும் வீங்கியிருக்கும். விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். தண்ணீரைக் குறைக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் கண்டிப்பு. வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கும். ஜன்னலோரக் கட்டிலில் கிடக்கிற மனிதர் ஒரு வாய்த் தண்ணீருக்குக் கெஞ்சுவார். அம்மா துணியை நனைத்து உதட்டில் ஒற்றுவாள். அவர் பிழைப்பாரா மாட்டாரா என்பதைத் தவிர அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. அம்மா வேண்டாத சாமியும் இல்லை.

முந்தின நாளெல்லாம் விடாத மழை. ஏரியில் மீனுக்குப் பாய்ந்தபோதோ என்னவோ, கருடன் தொப்பலாக நனைந்திருந்தது. இறகெல்லாம் ஈர்க்குச்சி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போனாலும் அது எழும்பவில்லை. அம்மா அதைக் கண்டதும் அப்படியே ஈரமண்ணில் விழுந்து கும்பிட்டாள்.

"ஏங்க, பெருமாளே வூடு தேடி வந்துருக்காருங்க. இனிமே உங்களுக்கு ஒன்னும் ஆவாதுங்க!"

அடுத்த வீட்டுப் பெரியம்மா சொம்பு நிறைய மஞ்சள் தண்ணீரோடு ஓடிவந்தார். வீட்டுக்கு வந்த சாமிக்கு முதலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவதுதானே முறை. கருடனின் தலையில் ஊற்றினார். அது உடம்பைச் சிலிர்த்து உதறிவிட்டு, இரண்டு இறக்கையையும் மெதுவாக விரித்து வைத்துக்கொண்டது.

"பாருங்கடி, ஆசீர்வாதம் பண்ணுது! கோவிந்தா!"

தெருவே திரண்டுவிட்டது. குடம் குடமாக வந்தது. இறக்கையை அது விரிக்க விரிக்க, ஆசீர்வாதம் என்று இன்னொரு சொம்பு ஊற்றினார்கள். எனக்கு அந்த நிற்கிற தோரணை தெரியும். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் ஏரி. அங்கே வாத்துகள் முங்கி எழுந்தால் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். முதுகு நனைந்த அடையாளமே இருக்காது. நீர்க்காக்காய்க்கு அந்தக் கொடுப்பினை இல்லை. முங்கிவிட்டு வந்து, பட்டுப்போன வேலமரத்தில் இறக்கையை விரித்துக்கொண்டு வெயிலுக்காகக் காத்திருக்கும்.

"பெரியம்மா, அது காய வெக்குது. நீர்க்காக்கா இப்பிடித்தான் நிக்கும்" என்றேன்.

முதுகில் ஒன்று விழுந்தது. "சாமியப் போயி காக்காங்கறா பாரு! வாயக் கழுவுடி!"

ஜன்னல் வழியாக அப்பாவும் பார்த்துக்கொண்டிருந்தார். "போதும் வுடுங்க, அது காயட்டும்" என்று ஈனக்குரலில் சொன்னார். யார் காதிலும் விழவில்லை. அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். எத்தனையோ மாதம் கழித்துச் சிரிக்கிறாள். அப்பா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சூரியன் அன்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சாயங்காலம் மறுபடி மழை பிடித்துக்கொண்டது.

மறுநாள் விடியற்காலை நான் கண் விழித்தபோது அப்பா கஷ்டப்பட்டு எழுந்து உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் போய் எட்டிப் பார்த்தேன். கருடன் கல்லுக்குக் கீழே கிடந்தது. ஒரு இறக்கை சேற்றில் விரிந்திருந்தது. கழுத்தெல்லாம் மஞ்சள்.

"அப்பா, செத்து..."

"சத்தம் போடாத கண்ணு" என்று என் வாயைப் பொத்தினார். அவர் கை சில்லென்று இருந்தது. அம்மா புரண்டு படுக்கிற சத்தம் கேட்டதும் சட்டென்று சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

அம்மா எழுந்து வெளியே போனாள். கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றாள், வெகுநேரம் நின்றாள். பிறகு குனிந்து, பச்சைக் குழந்தையைத் தூக்குவது போல அதை முந்தானையில் வாரி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனாள். மண்வெட்டிச் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கைகால் கழுவியிருந்தாள், முகத்தையும்தான்.

"ஏங்க, எந்திரிங்க. கருடன் பறந்து போயிருச்சுங்க. தீர்த்தமலைப் பக்கமா ஜம்முனு போவுது, நான் பாத்துக்கிட்டே நிக்கறேன்."

அப்பா அப்போதுதான் விழிப்பது போலக் கண்ணைத் திறந்தார்.

"அப்பிடியா? போயிருச்சா? நல்லதாப் போச்சு போ. அப்ப நானும் பொழச்சுக்குவேன்."

அம்மா அவர் வீங்கிய காலைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். கார்த்திகை தீபத்துக்கு அப்பா இல்லை.

ஆனால் அன்று காலையில் என்னைப் பிடித்த பயம் வேறு. இப்போதுதானே இவர் கண்ணால் பார்த்தார், அதற்குள் மறந்துவிட்டாரே! உடம்போடு சேர்ந்து அப்பாவுக்குப் புத்தியும் போய்விட்டது, நாளைக்கு என்னையும் மறந்துவிடுவார் என்று தோன்றி ஓவென்று அழ ஆரம்பித்தேன். அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். முந்தானையில் மஞ்சள் வாடை அடித்தது.

"எதுக்குடி அழுவற? அதான் பறந்து போயிருச்சில்ல" என்றாள்.

நான் அப்பாவைப் பார்த்தேன். "ஆமா கண்ணு, போயிருச்சு" என்றார்.