ரயிலில் அத்தானின் நரித் துப்பாக்கி

இன்று லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் அத்தானோடு ரயில் ஏறினேன்.

அத்தான் கென்ட்டில் கோழிப் பண்ணை வைத்திருக்கிறார். நரி சுட லைசென்ஸ் கிடைத்துவிட்டது. எந்தத் துப்பாக்கி வாங்குவது என்பதுதான் வழி நெடுகப் பேச்சு.

ரைபிள், புல்லட் என்று அவர் சொல்லச் சொல்ல, எதிரே இருந்த வெள்ளைக்காரர் பேப்பரைத் தாழ்த்தினார்.

"அத்தான், இங்கிலீஷ் போடாமல் தமிழிலை கதையுங்கோ" என்று கெஞ்சினேன்.

அவரும் குரலைக் குறைக்காமல் தொடர்ந்தார். "துவக்குச் சின்னன்தான். ஆனா குண்டு பாரமா இருந்தால்தான் காத்து இழுக்காது. பாரக் குண்டு நேராப் போறதெண்டால் குழலுக்குள்ளை புரி, அந்தச் சுத்து வெட்டு, நெருக்கமா இருக்கவேணும்."

நரி என்ற சொல் மட்டும் அவர் வாயில் வரவேயில்லை.

பக்கத்து இருக்கையில் இருந்த தமிழ் அம்மா ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போனார். போகும்போதே போன் காதில்.

வெள்ளைக்காரரோ, தானும் முயல் சுடுபவர்தான் என்று சொல்லி, அத்தானிடம் இங்கிலீஷில் விவரம் கேட்டு, நெருக்கமான புரி உள்ளதையே வாங்கச் சொன்னார். அத்தானுக்குப் பரம சந்தோசம்.

எனக்கு அந்த அம்மா யாரை அழைத்தார் என்ற யோசனைதான்.

இதற்குள் கதை போன் போனாகச் சுற்றி, பெருத்து, உங்களிடமும் வந்து சேர்ந்திருக்கும். துவக்கு இப்போது எத்தனை ஆகிவிட்டது என்று மட்டும் கீழே எழுதுங்கள்.