மூட்டைக்குள் ஒரு கோழி இறக்கை

எனக்குச் சாமியோடு சண்டை கிடையாது. சாமிக்கு முன்னால் நின்று நாம் ஒப்பிக்கிற ஒரு வாக்கியத்தோடுதான் சண்டை.

"தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்ச தப்பையெல்லாம் மன்னிச்சிரு ஆத்தா."

எங்கள் எஸ்டேட் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தீபாராதனை முடிந்ததும் எல்லார் வாயிலும் இதுதான் வரும். கன்னத்தில் இரண்டு தட்டு, இந்த வாக்கியம், பிறகு நேராகப் பொங்கல் வரிசை. இதைவிடச் சாமர்த்தியமான ஒரு வாக்கியத்தை எந்த வக்கீலும் எழுதியிருக்க முடியாது. தெரிந்து செய்ததையும் தெரியாமல் செய்ததையும் ஒரே மூட்டையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, சாமி காலடியில் தள்ளிவிட்டு வந்துவிடுகிறோம். பிரித்துப் பார்க்கிற வேலை அவளுக்கு. ரெம்பியா டவுனில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பல வருஷமாக நிற்கிறவன் சொல்கிறேன்: பழைய நட்டையும் புது நட்டையும் ஒரே டப்பாவில் கொட்டி வைக்கிறவன் தெரியாமல் கொட்டவில்லை.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்பீர்கள். நியாயம்தான். நான் சாமி கும்பிடுகிற லட்சணம் ஊருக்கே தெரியும். கண்ணை மூடியதும் அம்மன் முகம் வராது. வெளியே விட்ட செருப்புதான் வரும். கடை வேனில் போகும்போது எந்தக் கோயிலைத் தாண்டினாலும் ஒரு கையில் ஸ்டியரிங்கும் ஒரு கையில் கன்னமுமாகப் போவேன். ஒருமுறை சாப்பாட்டுக் கடை ஒன்றின் சீரியல் பல்புகளைப் பார்த்தும் பயபக்தியோடு போட்டுக்கொண்டேன். பக்கத்தில் இருந்த என் மனைவி, "இந்தச் சாமிக்கு ரொட்டி சானாய்தான் பிரசாதம்" என்றாள்.

அப்படிப்பட்ட நான்தான் இந்த வருஷத் திருவிழாவுக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் வேண்டினேன். என் தங்கச்சி மகளுக்கு இரண்டு முறை கர்ப்பம் கலைந்துவிட்டது. மூன்றாவது முறை ஏழு மாதத்தைத் தொட்டு, ஜாசினில் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நாற்காலியில் உட்காருவதைப் பார்த்துவிட்டு வந்த அன்றே கோயிலுக்குப் போய்க் காப்புக் கட்டிக்கொண்டேன். திருவிழா முடியும் வரை கவிச்சி தொடுவதில்லை. சிம்பாங் அம்பாட்டில் எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்க இந்தச் செய்தி பரவியது, பரப்பியது நான்தான்.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை. கடை முதலாளி, நாங்கள் தவுக்கே என்று கூப்பிடுகிற சீனக் கிழவர், பையன்களுக்கு மத்தியானச் சாப்பாடு வாங்கி வரச் சொல்லி என்னை அனுப்பினார். ரோட்டோரத்தில் பொரித்த கோழி விற்கும் மலாய்க்கார அம்மாவின் கடை, நாங்கள் மாச்சிக் என்போம். நான் பொட்டலங்களைக் கை நிறைய வாங்கிக்கொண்டு திரும்புகிறேன், எதிரில் ஒரு காடி மெதுவாகிறது. கண்ணாடி இறங்குகிறது. உள்ளே என் தங்கச்சியின் கணவர்.

நாங்கள் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். கோயில் செயலாளர் அவர்தான். திருவிழா என்றால் மைக் அவர் கையை விட்டு இறங்காது. மைக் இல்லாமலே அன்றைக்குக் கத்தினார்.

"மச்சான்! வெரதம் நல்லா மணக்குதே!"

கண்ணாடி ஏறியது. காடி போய்விட்டது. விளக்கம் சொல்ல வாயைத் திறந்தபடி ரோட்டோரத்தில் நான் நின்றேன், இரண்டு கையிலும் கோழி.

மறுநாள் காலை தங்கச்சி போன் செய்தாள்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இந்தத் தடவ பால்குடம் நீங்க எடுக்க வேணாம்ணே."

"ஏம்மா?"

"புள்ள விசயம்ணே. ரெண்டு தடவ ஆயிருச்சு. ஆத்தா கோவிச்சுக்கிட்டா..."

"அது கடைப் பசங்களுக்கு வாங்குனதும்மா! தவுக்கே அனுப்புனாரு! வேணும்னா அவரையே கேளு!"

"நீங்க திங்கலதானே?"

"நானா? என்னைப் பாத்தா கேக்குறே? நானா?"

பாருங்கள், நான் பொய் சொல்லவில்லை. கேள்விக்குக் கேள்வியால் பதில் சொன்னேன், அவ்வளவுதான். போனை வைத்துவிட்டு வீடு அதிரக் கத்தினேன். என்ன மனுசன் இவர்! பார்த்ததைப் பாதியாகப் பார்த்து, அதை முழுதாக்கி, பயந்துபோய் உட்கார்ந்திருக்கிற பெண்கள் காதில் போடுவதா? அதைவிடப் பெரிய கோபம் வேறு. ஆத்தாவை இவர்கள் என்னவாக நினைத்திருக்கிறார்கள்? ரோட்டு முனையில் மறைந்து நின்று அபராதச் சமன் எழுதுகிற போலீஸ் என்றா? மாமன்காரன் வாயில் கோழி என்றால் அவள் போய் வயிற்றுப் பிள்ளையிடம் கணக்குத் தீர்ப்பாளா? அப்படி ஒரு சாமி இருந்தால் அவளுக்கு நான் கற்பூரம்கூடக் காட்ட மாட்டேன்!

என் மனைவி துவைக்க எடுத்த சட்டையோடு வந்து நின்றாள்.

"காலர்ல செவப்பா என்ன இது?"

"பிரேக் ஆயில்."

"பிரேக் ஆயில் மொளகா சாஸ் வாசம் அடிக்குமா?"

சரி. சொல்லிவிடுகிறேன். அந்த மாச்சிக் எல்லாப் பொட்டலத்தையும் கட்டி முடித்த பிறகு, "பாங், இது ஃப்ரீ" என்று அண்ணன் முறை வைத்து ஒரு இறக்கையைத் தனியாகக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். காடி போனதும் வேனுக்குள் ஏறி அதைத் தின்றேன். வேன் புறப்படுவதற்கு முன்னால் எனக்குள் பெரிய கோர்ட்டே நடந்தது. இது நான் வாங்கியதல்ல, கொடுத்தது. கொடுத்ததை மறுப்பது மரியாதையல்ல. மேலும் இறக்கை என்பது பறக்கிற சமாச்சாரம், அதில் கறி எங்கே இருக்கிறது? ஏற்கெனவே பழி வந்தாயிற்று, தின்னாமல் பழி சுமப்பது முட்டாள்தனம். வழக்கில் ஜெயித்தேன். எலும்பையும் விடவில்லை.

ஆனால் ஒன்று கவனித்தீர்களா? தின்றது நிஜம், என் கோபமும் நிஜம். வயிற்றில் இறக்கை இருக்கிறது என்பதால் என் கோபத்தில் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகத்தான் வந்தது.

அன்று சாயங்காலம் அம்மனிடமே புகார் கொடுத்துவிடலாம் என்று கிளம்பினேன். தோட்டத்து லயங்களை எப்போதோ இடித்துவிட்டார்கள். செம்பனை மரங்களுக்கு நடுவில் கோயில் மட்டும் நிற்கிறது. அங்கே போனால் வாசலில் மச்சானின் காடி. கொதித்தது. கால் கழுவினேனா என்றுகூட ஞாபகமில்லை. பூசாரி ஓர் ஓரமாக உட்கார்ந்து திருவிழா விளக்குகளைத் துலக்கிக்கொண்டிருந்தார். மச்சான் சன்னதிக்கு நேராக, எனக்கு முதுகு காட்டி நின்றார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். வாயிலிருந்து வந்தது.

"தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்ச..."

"நிறுத்துங்க மச்சான்!"

பூசாரியின் கையிலிருந்து புளி உருண்டை விழுந்தது.

"என்ன தெரியாம? எல்லாம் தெரிஞ்சுதானே செஞ்சீங்க? ஆத்தா என்ன, லாட்டரி நம்பர் எழுதுறவளா, தானா கணிச்சுக்கிறதுக்கு? மூட்டையா கட்டிப் போடாதீங்க. பேரைச் சொல்லுங்க! என்ன தப்புன்னு பேரைச் சொல்லுங்க மச்சான்!"

பதிலுக்குக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். தயாராகவும் இருந்தேன், வேனில் வரும்போதே இரண்டு மூன்று நல்ல வசனங்கள் யோசித்து வைத்திருந்தேன். அவர் கத்தவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.  அம்மனைப் பார்த்தே, மைக் பிடிக்கிற அந்தக் குரல் இல்லாமல், வேறு ஒரு குரலில் சொன்னார்.

"போன தடவ கலஞ்சப்ப, ஆஸ்பத்திரியில எம்பொண்ணு படுத்திருந்தா ஆத்தா. மோட்டர் சைக்கிள்ல சுத்தாத சுத்தாதன்னு சொன்னேன்ல, நீயேதான் கொன்னுட்டேன்னு சொன்னேன். டாக்டர் பொறவு அதனால இல்லேன்னு சொன்னாரு. நான் போய் அவகிட்ட அதைச் சொல்லல. தெரிஞ்சேதான் சொல்லல."

செம்பனைக்குள் ஒரு லாரி பழக் குலைகளோடு உறுமிக்கொண்டு போனது.  கோழிப் பழிக்கு அவரை மன்னிப்புக் கேட்க வைக்கத்தான் நான் பிடித்து உலுக்கினேன். இது வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்? 

மச்சான் ஒதுங்கி இடம் விட்டார். "இப்ப நீங்க சொல்லுங்க."

அம்மன் முன்னால் நின்றேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் செருப்பு ஞாபகத்துக்கு வரவில்லை. அவளுடைய வெள்ளிக் கண்கள் மட்டும் தெரிந்தன. கை தானாகக் குவிந்தது, வாய் தானாகத் திறந்தது. "தெரிஞ்சும் தெரியா..." என்றது. எனக்கே கேவலமாக இருந்தது. வேட்டியை இறுக்கிக்கொண்டு சொன்னேன்.

"கோழி இறக்கை ஆத்தா. வேன்ல. தெரிஞ்சேதான்."

"எத்தனை?" பின்னாலிருந்து மச்சான்.

"ஒண்ணு."

"சாஸோடவா?"

"...சாஸோட."

பூசாரி விளக்கைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சிரித்தார். மச்சானும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். சிரிக்க எனக்கும் ஆசைதான். கோபம் இன்னும் பாக்கி இருந்தது.

"சிரிக்காதீங்க மச்சான். நான் தின்னது தப்பு, அதைச் சொல்லிட்டேன். ஆனா எங்கோழிக்கும் அந்தப் புள்ளைக்கும் முடிச்சுப் போட்டீங்கள்ல, அது வேற. அன்னைக்கு மோட்டருக்கும் புள்ளைக்கும் போட்டீங்களே, அதே முடிச்சு. வீட்டுல ரெண்டு பொம்பளைங்க அதை நம்பிக்கிட்டு ராத்திரி தூங்காம கெடக்குறாங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தப்புக்குத் தண்டனை உண்டா இல்லையா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அந்த அளவு படித்தவன் இல்லை. பிறக்காத பிள்ளையின் தலையில் எழுதுகிற தண்டனையை ஆத்தாவின் கையெழுத்து என்று நாம் சொல்லித் திரிவது மட்டும் அநியாயம். பயபக்தி என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். அதில் பயம் நம்முடையது; பக்தியை நான் எங்கேயும் காணவில்லை.

அவருடைய காடியிலேயே ஜாசினுக்குப் போனோம்.  வீட்டு வாசலில் நிறுத்தியவர் இஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"ஆத்தாகிட்டதான் சொல்லியாச்சே மச்சான்?"

வந்ததே எனக்குக் கோபம்! "ஆஸ்பத்திரியில ஆத்தாவையா திட்டுனீங்க? எறங்குங்க!"

இறங்கினார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். சாமி எதிர்த்துப் பேசுவதில்லை. வீங்கின முகத்தோடு நம்மை நிமிர்ந்து பார்ப்பதும் இல்லை. சன்னதிக்கு நடப்பதைவிடத் தன் மகளின் அறைக்கு நடப்பது அவருக்குத் தூரமாக இருந்தது. கதவைத் தட்டிவிட்டு, தன் சொந்த வீட்டில், உள்ளே வரலாமா என்று கேட்டுக்கொண்டு நின்றார்.

நான் வெளியில் காடிக் கொட்டகையில் நின்றேன். தங்கச்சி கோப்பி கொண்டுவந்து கொடுத்தாள். இறக்கையைப் பற்றி அவளிடமும் சொன்னேன். "நானான்னு கேட்டீங்களே, அப்பவே தெரியும்ணே" என்றாள். அப்புறம் இரண்டு பேரும் அறைப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளே காற்றாடி ஓடுகிற சத்தம் மட்டும். ஒருமுறை மகள் அழுவது கேட்டது. பிறகு அவர் அழுவது. என் கோப்பி ஆடை கட்டிவிட்டது.

கடைசியில் அவளே வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. நிலைப்படியில் சாய்ந்துகொண்டு வயிற்றில் கை வைத்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன மாமா, ரெக்க மொளச்சிருச்சா?"

"இல்லம்மா. அது..."

"எனக்கு மட்டும் வாங்கிட்டு வரல பாத்தீங்களா? நான் என்ன வெரதமா?"

"தங்கச்சி வேணாங்குது, பால்குடம் வேற யாராவது..."

"அம்மா சொல்லும். நீங்கதான் எடுக்கணும். எனக்கு இருக்கிறதே ஒரு மாமா."

பூசாரி மஞ்சள் தண்ணீர் ஊற்றி மறுபடி காப்புக் கட்டினார். திருவிழா வரைக்கும் அந்த மாச்சிக் கடைப் பக்கம் போகாமல் வேனைச் சுற்றுவழியில் ஓட்டினேன். தவுக்கே பெட்ரோல் மீட்டரைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

திருவிழா அன்று நல்ல வெயில். பால்குடத்தோடு கோயிலைச் சுற்றி வந்தபோது பந்தலுக்கடியில் காற்றாடி முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நின்ற மச்சான், மகளுக்கு ஒரு கையால் விசிறிக்கொண்டே மறு கையில் மைக்கோடு கத்தினார். "அடுத்து பால்குடம் ஏந்தி வருபவர், கடுமையான விரதம் இருந்த... கிட்டத்தட்ட விரதம் இருந்த நமது தாய்மாமன் அவர்கள்!" கூட்டம் சிரித்தது. குடம் தலையில் இருந்ததால் தப்பித்தார்.

சன்னதியில் குடத்தை இறக்கிக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினேன். பழக்கதோஷம், வாய் திறந்தது. "தெரிஞ்சும் தெரியா..."

காதுக்குப் பக்கத்தில், மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு ஒரு குரல். "பேரைச் சொல்லுங்க மச்சான்."

பல்லைக் கடித்துக்கொண்டு ஆரம்பித்தேன். இறக்கையைச் சொல்லியாயிற்று. அடுத்து மனைவியிடம் சொன்ன பிரேக் ஆயில். அதற்கடுத்து தங்கச்சியிடம் கேட்ட அந்த 'நானா'. அதைப் பிடித்து இழுத்தால் பின்னாலேயே வேறு ஏதேதோ வந்துகொண்டிருந்தது. முடிகிற மாதிரி தெரியவில்லை.

"அங்கிள்!" வரிசையிலிருந்து ஒரு பெண். "சீக்கிரம்லா! எங்க பாலெல்லாம் திரிஞ்சிரும்!"