மழை வரும்வரைக்கும் பெரியம்மா

நாடு எப்படிக் கெட்டுப்போகிறது என்று இப்போதெல்லாம் டீவியில் நான்கு பேர் உட்கார்ந்து, ஒருவர் பேச்சை ஒருவர் மறித்து விளக்குகிறார்கள். என் வீட்டுக்காரர் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார். நான் பாட்டுக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருப்பேன். ராஜபாளையத்தில் எங்கள் வளவு மோட்டார் ரூமில், மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே நான் பார்த்து முடித்த சங்கதி அது.

வளவு என்றால் ஒரே வாசலுக்குள் எதிரும் புதிருமாக எட்டு வீடுகள். நடுவில் முற்றம், முற்றத்து மூலையில் ஒரு போர், அதற்கு ஒரு மோட்டார், மோட்டார் ரூமுக்கு ஒரு பூட்டு. குடிக்கிற தண்ணீர் தெருக்குழாயில் முனிசிபாலிட்டி மனது வைக்கிற அன்றைக்கு வரும். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர்தான். சாவி மாதத்துக்கு ஒரு வீட்டில் இருக்கும். தமிழ் மாதம் பிறக்கிற அன்று விடிந்ததும் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். சாவி வைத்திருக்கிறவள் மோட்டாரைப் போட்டு, மற்ற எல்லார் குடமும் நிறைந்த பிறகு கடைசியாகத்தான் தன் குடத்தை வைக்க வேண்டும். யார் போட்ட சட்டமோ, யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் சாவி இருக்கிற மாதம் முழுக்க அம்மா, இது என்ன இழவு வேலை என்று சலித்துக்கொண்டே இருப்பாள்.

ஒரு பங்குனி மாதம் சாவி ஏழாவது வீட்டில் இருந்தது. ஆட்டோக்காரர் வீடு. அந்த வீட்டம்மா மோட்டாரைப் போட்டுவிட்டுப் பேச்சு சுவாரஸ்யத்தில் மறந்துவிட, தண்ணீர் இல்லாமல் ஓடி காயில் கருகிவிட்டது. அந்த வருஷம் கோடையும் முரட்டுக் கோடை. கண்மாயில் பசங்கள் கிரிக்கெட் ஆடினார்கள். அடுத்த தெரு அடிகுழாயை அடித்தால் காற்றுதான் வந்தது. எட்டு வீட்டுப் பெண்களும் முற்றத்தில் கூடி ஒருத்தரை ஒருத்தர் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தபோது எழுந்து நின்றவள் என் பெரியம்மா.

பெரியம்மா என்றால் அப்பாவின் அண்ணன் மனைவி. வாசலை ஒட்டிய முதல் வீடு அவர்களுடையது, அடுத்தது எங்களுடையது. பெரியம்மாவுக்குப் பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அவளுடைய தம்பி அங்கே காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். மோட்டாரைக் கழற்றி, பஸ்ஸில் ஏற்றி, மறுநாள் மாலையே ஓட வைத்துவிட்டாள். வீட்டுக்கு இத்தனை குடம் என்று முறை வைத்தாள். சண்டை நின்றது. நிஜமாகவே கெட்டிக்காரி, அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் கிடையாது.

சித்திரை பிறந்தது. சாவி எட்டாவது வீட்டுக்குப் போக வேண்டும். அப்போதுதான் பெரியம்மா சொன்னாள்: "மழை வார வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும். பொறவு யாருக்கு வேணுமோ எடுத்துக்கிடுங்க." எல்லாரும் கையைத் தூக்கினார்கள். நான் இரண்டு கையையும் தூக்கினேன். தொல்லை விட்டது என்று அம்மாவுக்குச் சந்தோஷம். சந்தோஷத்தில், ஊருக்கெல்லாம் உழைக்கிறவர் கடைசியில் நிற்பதாவது, நீங்கள் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள் அக்கா என்று மரியாதையாகச் சொன்னதும் அம்மாதான். பெரியம்மா இரண்டு தடவை வேண்டாம் என்றாள். மூன்றாம் தடவை குடத்தை வைத்தாள்.

அதற்குப் பிறகு நடந்தது எதுவும் அப்போது தப்பாகத் தெரியவில்லை. ஆட்டோக்காரர் ஒருநாள் போர் தண்ணீரில் வண்டியைக் கழுவிவிட்டார். அந்த வீட்டுக்கு இரண்டு நாள் தண்ணீர் கிடையாது என்றாள் பெரியம்மா. காயிலைக் கருக்கிய வீடுதானே, நன்றாக வேண்டும் என்று ஏழு வீட்டுக்கும் ஒரே குளிர்ச்சி. அப்புறம் வரிசையில் சத்தமாகப் பேசினால் ஒரு குடம் குறையும் என்றாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் முற்றத்தில் எல்லாரும் கூடி உட்கார்ந்து பேசுவது வழக்கம். ஆளுக்காள் வேலை கிடக்கிறது, எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அதையும் நிறுத்தினாள். யார் என்ன முணுமுணுத்தார்கள் என்று வந்து சொல்கிற வீட்டுக்கு ஒரு குடம் கூடுதலாக விழுந்தது. எனக்கு என்ன குறை? பெரியம்மா வீட்டுக்கு அடுத்து எங்கள் குடம்தான். மோட்டார் சுவிட்சைத் தட்டுகிற வேலையை எனக்கே கொடுத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்.

ஐப்பசியில் மழை வந்தது. அப்படி ஒரு மழை. மலைப்பக்கம் நாலு நாள் இருட்டிக் கிடந்து கொட்டியது. அடிகுழாயில் கை வைத்தாலே தண்ணீர் வந்தது.

எட்டாவது வீட்டில் ஓர் அக்கா இருந்தாள். நூல்மில்லில் வேலை. கல்யாணமாகவில்லை. வாதம் வந்து படுக்கையில் கிடக்கிற அவள் அம்மாவைத் தவிர வேறு ஆள் இல்லை. காலை ஷிப்ட், பகல் ஷிப்ட் என்று வாரம் மாறி மாறிப் போவாள். அதிர்ந்து பேச மாட்டாள். அவள்தான் வரிசையில் நின்று, கேட்கிற மாதிரிகூட இல்லாமல், "மழைதான் வந்திருச்சேக்கா" என்றாள்.

இது ஒரு மழையா என்றாள் பெரியம்மா, கண்மாய் நிறையட்டும் என்றாள். கண்மாய் நிறைந்து, மிச்சத் தண்ணீர் மறுகால் வழியாகவும் பாய்ந்தது. அடுத்த கோடைக்கு இப்போதே யோசிக்க வேண்டாமா, ஆளுக்கொரு மாதம் சாவியைக் கொடுத்தால் மறுபடியும் காயிலைக் கருக்குவீர்கள் என்றாள் அப்போது. அந்த வாரத்திலிருந்து தண்ணீர் விடுகிற நேரம் மாறியது. அக்காவுக்குக் காலை ஷிப்ட் என்றால் மோட்டார் ஒன்பது மணிக்கு ஓடும். பகல் ஷிப்ட் என்றால் சாயங்காலம் ஓடும். அக்கா காலிக்குடத்தோடு வந்து கேட்டபோது பெரியம்மா கோபப்படக்கூட இல்லை. "தண்ணி விடுத நேரத்துல ஆள் இல்லேன்னா நான் என்ன செய்ய?" என்றாள்.

படுக்கையில் கிடக்கிற மனுஷிக்கு ஒரு நாளைக்கு எத்தனை தடவை தண்ணீர் வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது. அடிகுழாய்க்குப் போய்வரலாம்தான், ஷிப்ட் முழுக்கத் தனியே கிடந்தவளை மறுபடியும் விட்டுவிட்டு எப்படிப் போவது? வேறு வீடு பார்க்கலாம் என்றால், அப்படி ஒரு நோயாளியோடு வருகிறவளுக்கு யார் வீடு தருவார்கள்? ஒருநாள் மத்தியானம் அக்கா எங்கள் அடுக்களை வாசலில் நின்று அழுதுகொண்டே என் அம்மாவிடம் சொன்னாள், படுத்துக் கிடக்கிற அம்மாவுக்குத் துணி அலசக்கூடத் தண்ணீர் இல்லை, வீட்டைக் காலி செய்யப்போகிறேன் என்று. அம்மா எங்கள் குடத்தில் ஒன்றைத் தூக்கிக் கொடுத்தாள்.

சொல்கிறவர்கள் சொல்லிவிட்டார்கள். மறுநாள் பெரியம்மா மோட்டார் ரூம் படியில் நின்று புதுச் சட்டம் போட்டாள். அவரவர் பிடித்த தண்ணீர் அவரவர் வீட்டுக்கு. அடுத்த வீட்டுக்குக் கொடுத்தால் கொடுத்த வீட்டுக்கு முறை கிடையாது. சொல்லும்போது எங்கள் வீட்டைப் பார்க்கவில்லை. அப்பா ராத்திரிச் சாப்பாட்டில், அண்ணன் வீட்டோடு நமக்கு எதற்கு வம்பு என்று சொல்லிக் கையைக் கழுவினார்.

என் அம்மா அதுவரை யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. மறுநாள் காலை, மற்ற வீட்டுக்காரிகள் எல்லாரும் வரிசையில் நிற்கும்போது, தன் முறைக்குக் குடத்தை நிறைத்தாள். இடுப்பில் வைத்தாள். எங்கள் வீட்டைத் தாண்டி, முற்றத்தின் நடுவிலேயே நடந்து, கடைசியில் இருக்கும் அக்கா வீட்டு வாசலில் இறக்கிவைத்துவிட்டு வந்தாள். அவ்வளவுதான்.

எங்களுக்கு முறை போனது. சுவிட்ச் வேலையும் போனது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஒரு குடத்துக்காக இப்படியா ஒருத்தி குடும்பத்தைக் கெடுப்பாள்? அன்று சாயங்காலம் எதிர்வீட்டு அத்தை ஒரு குடத்தோடு எங்கள் வீட்டுக்குள் வந்தார். வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிற, வெளியே எல்லாரையும் அதட்டுகிற அத்தை. கதவைச் சாத்தக்கூடாது என்று சொல்லிவிட்டு, எல்லாரும் பார்க்க, எங்கள் அண்டாவில் ஊற்றினார். அத்தை வீட்டுக்கு முறை போனது. அத்தை வீட்டுக்கு ஆட்டோக்காரர் வீட்டம்மா கொண்டுபோய் ஊற்றினாள். அவர்களுக்கும் போனது. அதற்கடுத்து இன்னொரு வீடு. கோள் சொல்லி ஒரு குடம் கூடுதலாக வாங்கிய வீட்டுக்காரிகூட, ஒருநாள் முகத்தைத் திருப்பிக்கொண்டே ஒரு செம்பு தண்ணீரைப் பக்கத்து வீட்டுப் பானையில் ஊற்றிவிட்டுப் போனாள். செம்புக்கும் அதே தண்டனைதான்.

ஆண்கள் சைக்கிளில் இரண்டு பக்கமும் குடம் கட்டி அடிகுழாயிலிருந்து கொண்டுவந்தார்கள். வம்பு எதற்கு என்ற என் அப்பாவும் ஒருநாள் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்க் கடைசி வீட்டில் இரண்டு குடம் இறக்கினார். எனக்குத் தலைகுளிப்பு நின்றுபோனது. அழுக்கு யூனிபார்மைப் பார்த்து டீச்சர் கேட்டபோது, எங்கள் வளவில் எல்லாருக்கும் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சொன்னேன். அம்மாவோடு பேச்சை நிறுத்திக்கொண்டு பெரியம்மா வீட்டில் போய் உட்கார்ந்தேன். அங்கே அண்டா, வாளி, சிமெண்ட் தொட்டி எல்லாம் ததும்பின. பெரியம்மா எனக்குப் பால்கோவா கொடுத்தாள். அவள் சாப்பிடவில்லை.

கார்த்திகை கடைசி நாள், விடுமுறை. காலையில் பெரியம்மா மோட்டாரைப் போட்டாள். குழாயைத் திறந்துவிட்டு முற்றத்தில் நின்று, இன்றைக்கு எல்லா வீட்டுக்கும் தண்ணீர் உண்டு, வந்து பிடித்துக்கொள்ளுங்கள் என்றாள். ஏழு வீட்டுக் கதவும் திறந்துதான் இருந்தன. அத்தை வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்தார். ஆட்டோக்காரர் வீட்டம்மா அரிசியில் கல் பொறுக்கினாள். மில் அக்கா தன் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. ஒருத்தரும் திட்டவும் இல்லை. தண்ணீர் சிமெண்டுத் தரையில் ஓடி, சாக்கடையில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அத்தனை தண்ணீரும் வீணாகிறதே என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். பெரியம்மா இன்னொரு தடவை கூப்பிட்டாள். அம்மாவைப் பெயர் சொல்லியும் கூப்பிட்டாள். அம்மா தலை குனிந்திருந்தாளே தவிர என் கையை விடவில்லை. கடைசியில் பெரியம்மா தானே போய் சுவிட்சை அணைத்தாள்.

அப்போதுதான் அத்தை சீப்பை எடுத்துத் தலையில் செருகிக்கொண்டு, வெகு சாதாரணமாகச் சொன்னார்: "நாளைக்கு மார்கழி பொறக்கு மதினி. சாவி அடுத்த வீட்டுக்குப் போகணும்லா."

பெரியம்மா எல்லா வாசலையும் ஒரு தடவை பார்த்தாள். சாவியை மோட்டார் ரூம் படியில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அத்தைதான் அதை எடுத்துப்போய் எட்டாவது வீட்டு அக்காவிடம் கொடுத்தார். சித்திரையில் போயிருக்க வேண்டிய சாவி.

மறுநாள் விடிகாலை, கோலத்துக்குத் தண்ணீர் தெளிக்க எல்லாரும் குடத்தோடு வந்துவிட்டார்கள். அக்காவுக்கு அந்த வாரம் காலை ஷிப்ட், ஆறு மணிக்கு மில் வேன் வரும். நான் வேடிக்கை பார்க்க முன்னால் போய் நின்றேன். சாவி கைக்கு வந்ததும் பெரியம்மா வீட்டுக்கு ஒரு மாதம் தண்ணீர் கிடையாது என்று அக்கா சொல்லப்போகிறாள், அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. ஏனோ அவள் கொடுத்த பால்கோவா எல்லாம் மறந்துபோயிருந்தது.

அக்கா மோட்டாரைப் போட்டாள். நேரே முதல் வீட்டுக்குப் போய்ச் சாத்தின கதவைத் தட்டினாள். "குடத்தக் கொண்டாங்கக்கா. மொத மொற ஒங்களுக்குத்தான்" என்றாள். மறுபடி தட்டினாள். ஏழு வீடும் காத்துக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. பெரியம்மா யாரையும் பார்க்காமல் குடத்தைக் கொண்டுவந்து குழாயடியில் வைத்தாள். அக்கா அதை நிறைத்து, தூக்கி இடுப்பில் வைத்துவிட்டாள். அப்புறம் நாங்கள், அத்தை, மற்றவர்கள், ஆட்டோக்காரர் வீடு என்று வரிசை நகர்ந்தது. வாசலில் மில் வேன் ஹாரன் அடிக்க ஆரம்பித்த பிறகுதான் அக்கா தன் குடத்தை வைத்தாள். பாதி நனைந்த சேலையோடு ஓடினாள்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இத்தனை பாடுபட்டு வாங்கின சாவி, அதை வைத்து ஒன்றுமே செய்யத் தெரியவில்லையே. கோலமாவு கிண்ணத்தோடு நின்ற அம்மாவிடம், இந்த அக்காவுக்கு விவரமே போதாது, இவளிடம் சாவி ஒரு மாசத்துக்கு மேல் தங்காது பார் என்றேன்.

"ஒரு மாசத்துக்குத்தான ஏட்டி குடுத்திருக்கு" என்று சொல்லிவிட்டு அம்மா சிரித்தாள். எதிர்ப்பக்கம் கோலம் போட்டுக்கொண்டிருந்த அத்தையும் நிமிர்ந்து சிரித்தார். இதில் இப்படிச் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவே இல்லை.